காரணம் என்ற கட்டம்

ஐம்பது குஞ்சுகள் வந்தன,
அட்டைப்பெட்டியின் துளைகள் வழியே கத்திக்கொண்டு.
மாண்டெவில் பஸ்ஸில் கடைசி சீட்டு,
ஜெவோன் மடி.
பெட்டிக்கும் டிக்கெட் கேட்டாராம் டிரைவர்.
மூச்சு விடுகிற எதற்கும் என் வண்டியில் காசு உண்டு என்றாராம்.
எங்கள் நோட்டின் முதல் வரி அதுதான்:
பஸ், இருநூறு டாலர்.
நான் மன்றத்தின் பொருளாளர்.
கொட்டை எழுத்தில் எழுதினேன்.

புதன்கிழமைகளில் மணி அடித்த பிறகு
மாமரத்தடியில் உறுதிமொழி.
தலை என்று வரும், நெஞ்சு என்று வரும்.
கை என்று வரும்போது எல்லோரும் நீட்டுவோம்.
ரோமெய்ன் கையில் எப்போதும் பிளாஸ்திரி.
கூண்டுக்கு ஆணி அடித்தவன் அவன்.

ஆணி, நாற்பது.
வளைந்தவை, முப்பத்தொன்று.
கதவை உள்பக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டோம்,
தீவன மூட்டையோடு யாரும் நுழைய முடியவில்லை.
மிஸ் பார்ச்மென்ட் பார்த்தார்,
சிரித்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார்.
கழற்றினோம். மாட்டினோம்.
இம்முறை தாழ்ப்பாள் தலைகீழ்.
அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வகுப்பில் வகுத்தல் வராத கெரிஷா
வாளியின் முன் குந்தியிருந்து சொல்வாள்:
இது புதன் வரை வரும், வியாழன் காலை வராது.
வந்ததில்லை.

ஒன்பதாம் ராத்திரி மழை.
செயின்ட் எலிசபெத்தில் மழை அபூர்வம்,
வந்தால் மின்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.
முறை எனக்கும் ஜெவோனுக்கும்.
விளக்கில் எண்ணெய் இருந்தது.
தீப்பெட்டி பிளாஸ்டிக் பைக்குள், நனையாமல்.
பல்பு அணைந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும்.
சூடு தேடி எல்லாம் ஒரே மூலையில்,
ஒன்றின்மேல் ஒன்றாக, மஞ்சள் குவியலாக.
மேலே இருந்தவை கண் திறந்து எங்களைப் பார்த்தன.
அடியிலிருந்து எடுத்தோம்,
பதினொன்று.
எடை இல்லை. எடை இல்லாததுதான்
கையை விட்டுப் போகவில்லை.

நோட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு.
செத்தவை: 11.
காரணம்:
நோய் என்று போடு என்றான் ரோமெய்ன்.
கடவுள் செயல் என்று போடு,
புயலுக்கு அப்பா அப்படித்தான் எழுதினார் என்றாள் கெரிஷா.
ஜெவோன் எதுவும் சொல்லவில்லை,
சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தான்.
மூன்று நாள் அந்தக் கட்டம் வெள்ளையாகவே கிடந்தது.
நான்காம் நாள் எழுதினேன்:
நாங்கள் தூங்கிவிட்டோம்.
கீழே இரண்டு பெயர்.

பாரிஷ் போட்டியில் நடுவர் டை கட்டியிருந்தார்.
பக்கம் பக்கமாகப் புரட்டி, அங்கே நின்றார்.
'குளிர்' என்று எழுதலாமே பிள்ளைகளே,
அதுவும் உண்மைதானே என்றார்,
நல்ல மனசோடுதான்.
பென்சிலைக்கூட நீட்டினார்.

எனக்கு ஆசை வந்தது. மறைப்பானேன்.
அப்போதுதான் ஜெவோன் வாயைத் திறந்தான்:
சார், அன்றைய முறைப்பட்டியலில்
குளிரின் பெயர் இல்லை.
எங்கள் பெயர்தான் இருந்தது.

நான்காம் பரிசு.
ஒரு மண்வெட்டி, காம்பு இல்லாமல்.

ஆறாம் வாரம் முப்பத்தொன்பது விற்றோம்.
வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது
ரோமெய்ன் ஒருதரம் வெளியே போய் வாந்தி எடுத்தான்,
வாய் கொப்புளித்துவிட்டு வந்து
அடுத்ததை எடுத்தான்.
யாரும் எதுவும் பேசவில்லை.
லாபம் என்று பார்த்தால் சொற்பம்,
ஆனால் கூட்டல் சரியாக இருந்தது,
நான்கு பேரும் நான்கு தரம் கூட்டிப் பார்த்தோம்.

அடுத்த ஐம்பதுக்குப் பணம் கட்டியாயிற்று.
பெட்டிக்கு டிக்கெட்டும் ஒதுக்கியாயிற்று.
அலாரக் கடிகாரம், ஆயிரத்து எண்ணூறு டாலர்.

செலவுப் பக்கத்தில் காரணம் என்று கட்டம் கிடையாது.
ஸ்கேலை எடுத்து
நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.